ஆறு மாதமும் பதினேழு ஆண்டும்

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வேப்பூர் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுவதால் வெளி மாவட்டத்து வண்டிகளும் வந்து நிற்கும். ஆட்டின் பல்லைப் பார்ப்பது, முதுகைத் தடவிப் பார்ப்பது, தூக்கி எடை பார்ப்பது எல்லாம் ஊரறிய நடக்கும். விலையை மட்டும் துண்டுக்கு அடியில் பேசுவது சந்தைத் தரகர்களின் பழைய வழக்கம். இரண்டு கைகள் துண்டுக்குள் போகும், விரல்கள் விரல்களைப் பிடிக்கும். தொகை எவ்வளவு என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பேரம் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சந்தை இல்லாத நாளில் இதே வேப்பூர் கூட்டு ரோட்டில் கையில் மஞ்சள் பையோடு பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உண்டு. பையில் பட்டா, சிட்டா, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், வக்கீல் குமாஸ்தா எழுதிக்கொடுத்த வாய்தா தேதி. விருத்தாசலத்துக்கோ கடலூருக்கோ கோர்ட்டுக்குப் போகிறவர்கள். இவர்கள் அஞ்சுவது சட்டத்தின் கடுமைக்கு அல்ல. எந்த ஊர்க் கோர்ட் வாசலிலும் டீக்கடை ஓரமாக ஒருவர் வந்து, “ஜட்ஜய்யா நமக்குத் தெரிஞ்சவர்தான்” என்று காதில் ஓதும் அந்த நிமிடத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். அந்தத் தரகருக்கு நீதிபதியின் முகம்கூடத் தெரிந்திருக்காது. இரு தரப்பிலும் பணம் வாங்கிக்கொண்டு, தோற்றவரிடம் மட்டும் ‘நாணயமாக’த் திருப்பிக் கொடுத்தால் போதும், தொழில் நடந்துவிடும். லஞ்சம் வாங்காத நீதிபதியின் பெயரும் இப்படித்தான் விலைபோகிறது. துண்டை விலக்கிப் பார்க்க யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லாத வரை, நேர்மையாளரையும் மற்றவரையும் பிரித்துக் காட்ட வழியில்லை.

இந்த வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான பங்கு உண்டு. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில் மங்கலம்பேட்டை. அதை ஒட்டிய கர்நத்தம் கிராமத்தில் பிறந்து, மங்கலம்பேட்டையில் பள்ளிப் படிப்பும் விருத்தாசலத்தில் புகுமுக வகுப்பும் முடித்தவர் சி.எஸ்.கர்ணன். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, பின்னர் கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். 2017 ஜனவரியில் பதவியில் இருந்துகொண்டே பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்களைச் சேர்ந்த பணியிலுள்ள, ஓய்வுபெற்ற நீதிபதிகள் 20 பேரின் பெயரைக் குறிப்பிட்டு, இவர்கள் ஊழல் செய்தவர்கள் என்றார். ஆதாரம் எதையும் இணைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் தானாகவே அவமதிப்பு வழக்கு எடுத்தது. தலைமை நீதிபதி ஜே.எஸ்.கேஹர் தலைமையில் 7 நீதிபதிகள் அமர்ந்தார்கள். கர்ணனும் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கே 5 ஆண்டு சிறை என்று வீட்டில் உட்கார்ந்து ‘தீர்ப்பு’ எழுதினார். மறுநாள், 2017 மே 9 அன்று, அவருக்கு 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அவரது பேச்சைப் பத்திரிகைகள் வெளியிடவும் தடை. பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவமதிப்புக்காகத் தண்டிக்கப்பட்டது அதுவே முதல்முறை. ஜூன் 12 அன்று தலைமறைவாக இருந்தபடியே ஓய்வுபெற்றார். ஜூன் 20 அன்று கோயம்புத்தூர் அருகே பிடிபட்டார். கொல்கத்தா பிரசிடென்சி சிறையில் 6 மாதத்தையும் முழுதாகக் கழித்து டிசம்பர் 20 அன்று வெளியே வந்தார்.

கர்ணனைத் தியாகியாக்க வேண்டியதில்லை. ஆதாரமில்லாமல் 20 பேர் மீது சேற்றை வாரி இறைப்பது எந்த நீதிபதிக்கும் அழகல்ல. பிற்பாடு நீதிபதிகளின் வீட்டுப் பெண்களைக் குறித்து வீடியோவில் அவர் பேசியதும், அதற்காக 2020இல் கைதானதும் அனுதாபத்தை மிச்சம் வைக்கவில்லை. ஆனால் வேகத்தைக் கவனிக்க வேண்டும். கடிதத்தில் தொடங்கித் தண்டனை முடிந்து விடுதலையானது வரை ஓராண்டுகூட ஆகவில்லை. ‘நீதிபதி லஞ்சம் வாங்கினார்’ என்று சொன்னவருக்கு இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்த சட்டம், வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விஷயத்தில் எப்படி நடந்திருக்கிறது?

சட்டப் புத்தகத்தில் குறை இல்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், ‘பொது ஊழியர்’ யார் என்று சொல்லும் இடத்திலேயே நீதிபதியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பிரிவு 7இன்படி லஞ்சத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்தால் பிரிவு 13இன்படி 4 முதல் 10 ஆண்டு. நடுவில் நின்று வாங்கிக்கொடுக்கும் தரகருக்குத் தனியாக 7ஏ. கொடுப்பவரும் 2018 திருத்தத்துக்குப் பிறகு தப்ப முடியாது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் சொன்னால்தான் விலக்கு. இது போதாதென்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 257, சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தே ஊழல் நோக்கத்தோடு தீர்ப்போ உத்தரவோ தருபவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 219ஆக இருந்ததுதான் இது. புதிய எண்ணில் குடிவந்திருக்கிறது.

ஆக, பட்டா மாறுதலுக்கு 3,000 ரூபாய் வாங்கும் விஏஓவுக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிக்கும் ஒரே பிரிவு 7தான். வித்தியாசம் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. விஏஓ விஷயத்தில் லஞ்ச ஒழிப்புப் போலீஸார் பினாப்தலின் பவுடர் தடவிய நோட்டுகளைப் புகார்தாரரிடம் கொடுத்தனுப்புவார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்பு நீர் பாட்டிலில் அடைபட்டு, சீல் வைக்கப்பட்டு, கோர்ட்டுக்குச் சாட்சியாக வரும். மறுநாள் பேப்பரில் படம் வந்துவிடும். உயர் நீதிமன்ற நீதிபதியின் விரல்களை யாரும் அந்தத் தண்ணீரில் முக்க முடியாது. அதற்கு முதலில் டில்லியில் ஒருவரைக் கேட்க வேண்டும்.

இந்த ஏற்பாடு வந்ததற்கும் சென்னையே காரணம். 1969 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் கே.வீராசாமி. வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாக அவர் மீது 1976 பிப்ரவரி 24 அன்று சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. அவர் விடுப்பில் போய், ஏப்ரலில் ஓய்வுபெற்றார். 1977 டிசம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. கணக்கில் வராத சொத்து 6 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் என்றது அது. தலைமை நீதிபதி ‘பொது ஊழியர்’ ஆவாரா, அவர் மீது வழக்குத் தொடர அனுமதி தரும் அதிகாரி யார் என்று வீராசாமி கேட்ட கேள்விகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. பதில் வந்தது 1991 ஜூலை 25 அன்று. வழக்குக்கு வயது ஏறத்தாழ 15.

நீதிபதியும் பொது ஊழியரே, ஊழல் சட்டம் அவரையும் கட்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. அதே மூச்சில் ஒரு பூட்டையும் போட்டது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி மீது இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து ஆலோசிக்காமல் வழக்கே பதிவு செய்யக் கூடாது. நீதிபதி ஜே.எஸ்.வர்மா இதற்கு உடன்படவில்லை. அன்றைய ஊழல் சட்டம் உயர் நீதிமன்ற நீதிபதிகளை மனதில் வைத்து இயற்றப்பட்டதல்ல, வேண்டுமானால் அவர்களுக்கெனப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றட்டும் என்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

பூட்டைப் போட்டவர்களைக் குறைசொல்லுமுன் வழக்கு பதிவான தேதியைத் திரும்பப் பார்க்க வேண்டும். 1976 பிப்ரவரி என்றால் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டு நான்கு வாரம்கூட ஆகவில்லை. பிடிக்காத நீதிபதியின் வீட்டுக்கு சிபிஐயை அனுப்பும் வசதி அரசிடம் இருந்தால் என்ன ஆகும் என்ற பயம் அன்று வெறும் கற்பனை அல்ல. கீழமை நீதிமன்றத்தில் அது நடந்தும் இருக்கிறது. 1989இல் குஜராத்தின் நடியாதில், போலீஸாரைக் கண்டித்துவந்த தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டையே போலீஸார் அடித்து, வாயில் சாராயத்தைத் திணித்து, கைவிலங்கிட்டுக் கயிற்றால் கட்டி இழுத்துப் போனார்கள். உச்ச நீதிமன்றம் அந்தப் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. நீதித்துறை அதிகாரியைக் கைது செய்வதற்கு விதிகளும் வகுத்தது. கவசம் தேவைதான் என்பதில் சந்தேகமில்லை. போலீஸ் காவலில் கொல்லப்பட்ட முதனை கிராமத்து ராஜாகண்ணுவின் மனைவிக்கு 1993இல் கம்மாபுரம் போலீஸுக்கு எதிராகப் போக வேறு கதவு எதுவும் இல்லை, உயர் நீதிமன்றம் மட்டுமே இருந்தது. அரசுக்கு அஞ்சாத நீதிபதி இருந்தால்தான் அந்த மாதிரி வழக்குகளுக்கு உயிர்.

ஆனால் கவசத்துக்குள் நடந்தது என்ன என்று பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. வீராசாமி வழக்கு தண்டனை என்ற கட்டத்தை எட்டவே இல்லை. அவருடைய மருமகன் வி.ராமசாமி, பஞ்சாப்–ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு வீட்டுக்கு அளவுமீறிச் செலவு செய்த விவகாரத்தில் சிக்கினார். நீதிபதி பி.பி.சாவந்த் குழு பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டதாகச் சொன்னது. 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்பு. நீக்க வேண்டும் என்று 196 பேர். எதிர்த்து ஒருவர்கூட இல்லை. காங்கிரஸ் தரப்பில் 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. அவர் அதற்குப் பின் 1999இல் சிவகாசியில் அதிமுக வேட்பாளராக ஓட்டுக் கேட்டதையும் விருதுநகர்ப் பக்கம் மறந்திருக்க மாட்டார்கள்.

கொல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னை 2011 ஆகஸ்டில் மாநிலங்களவை நீக்க ஒப்புக்கொண்டது. மக்களவையில் வாக்கெடுப்பு வருமுன் அவர் ராஜினாமா செய்தார். அதற்கு ஒரு மாதம் முன்னதாக, திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தை வளைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அதை மறுத்துவந்த நீதிபதி பி.டி.தினகரனும், விசாரணைக் குழு வேலையை முடிக்குமுன் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார். ராஜினாமா என்பது இங்கே எப்போதும் திறந்திருக்கும் பின்வாசல்.

சண்டிகரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2008 ஆகஸ்ட் 13 மாலை. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்ற நீதிபதி நிர்மல்ஜித் கவுர் வீட்டுக்கு ஒருவர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் 15 லட்சம் ரூபாய். வீட்டு ஊழியர் அந்த ஆளைப் பிடித்து வைத்தார், போலீஸ் வந்தது. அது வேறொரு நீதிபதியான நிர்மல் யாதவுக்குப் போகவேண்டிய பணம், பெயர்க் குழப்பத்தில் வீடு மாறிவிட்டது என்று சிபிஐ பிற்பாடு சொன்னது. அவர் மறுத்தார். அவர் பணி ஓய்வு பெற்ற 2011 மார்ச்சில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. சண்டிகர் சிபிஐ நீதிமன்றம் 2025 மார்ச் 29 அன்று அவரை விடுதலை செய்தது. சம்பவம் நடந்து 17ஆவது ஆண்டு.

விடுதலை என்றால் விடுதலைதான், அதில் மறுபேச்சு இல்லை. குற்றமற்றவர் என்றால் 17ஆவது ஆண்டுவரை அந்தப் பையைத் தோளில் சுமந்தது அவருக்கு இழைத்த அநீதி. குற்றம் நடந்தது என்றால் அதை நிரூபிக்க முடியாதபடி காலம் சாட்சிகளைத் தின்றுவிட்டது. இரண்டில் எதுவானாலும் தோற்றது விசாரணை. ஊழல் வழக்குகளை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் நான்கைத் தாண்டக் கூடாது என்று 2018 திருத்தம் சொல்கிறது. அந்த வரியை எழுதிய மை, கோர்ட் வளாகத்துக்குள் வந்ததும் வெளுத்துவிடுகிறது போலும்.

கீழ்க்கோர்ட் நீதிபதிகள் கதை வேறு. அரசமைப்புச் சட்டப் பிரிவு 235இன்படி அவர்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். கலந்தாலோசனை எல்லாம் மாநிலத்துக்குள் முடிந்துவிடும். 2012இல் கனிமச் சுரங்க வழக்கில் காலி ஜனார்த்தன ரெட்டிக்கு ஜாமீன் கொடுத்த ஹைதராபாத் சிபிஐ நீதிபதி, பணம் வாங்கிய குற்றச்சாட்டில் அதே மாதம் சஸ்பெண்ட் ஆனார், அடுத்த மாதம் கைதானார். மேலே போகப்போகத்தான் கால்கள் கனக்கின்றன. அலகாபாத் நீதிபதி எஸ்.என்.சுக்லா, மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குச் சாதகமாக உத்தரவிட்டதாகப் புகார் வந்தது. அப்போது சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த இந்திரா பானர்ஜியின் குழு 2018 ஜனவரியிலேயே புகாரில் சாரம் உண்டு என்றது. சிபிஐக்கு அனுமதி கிடைத்தது 2019 ஜூலையில், தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோயிடமிருந்து. பணியிலிருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி மீது வழக்குப் பதிய அப்படி அனுமதி தந்தது அதுதான் முதல் தடவை. 1991 தீர்ப்பு வந்து 28 ஆண்டு கழித்து!

டில்லியில் 2025 மார்ச் 14 அன்று, ஹோலி இரவில், நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் பங்களா வளாகத்துச் சாமான் அறையில் தீப்பிடித்து, பாதி எரிந்த நோட்டுக் கட்டுகள் கிடந்த வீடியோவை நாடே பார்த்தது. அதை வெளியிட்டது உச்ச நீதிமன்றமே என்பதைப் பாராட்ட வேண்டும். பணம் தன்னுடையதல்ல, சதி என்றார் அவர். மூன்று நீதிபதிகள் கொண்ட உள்விசாரணைக் குழு அவருக்கு எதிராக அறிக்கை தந்தது. அவரை நீக்கக் கோரி 146 எம்பிக்கள் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்டில் சபாநாயகர் மூவர் குழு அமைத்தார். எஃப்ஐஆர் பதிவு செய்ய உத்தரவிடக் கோரிய மனுவை மட்டும் உச்ச நீதிமன்றம் மே மாதத்தில் ஏற்கவில்லை. உள்விசாரணை, பாராளுமன்றக் குழு எல்லாம் பதவி பற்றியவை. பணம் யாருடையது, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று கேட்பது போலீஸ் வேலை. வேப்பூர்ச் சந்தையில் ஓர் ஆட்டு வியாபாரியின் வீட்டில் இப்படி நோட்டுக் கட்டு எரிந்திருந்தால் யாரும் 1991 தீர்ப்பைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

வேறு நாடுகளில் நீதிபதிகள் இதைவிட யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. 1621இல் இங்கிலாந்தின் பிரபு சான்சலர் பிரான்சிஸ் பேக்கன், வழக்காடியவர்களிடம் பணம் வாங்கியதாக 28 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். 40,000 பவுண்டு அபராதமும் லண்டன் டவர் சிறையும் விதிக்கப்பட்டன. வாங்கினாலும் தீர்ப்பை வளைக்கவில்லை என்பது அவர் கட்சி. இந்த வாதம் இன்றைய இந்தியச் சட்டத்தில் செல்லாது. வேலையைச் சரியாகச் செய்தாலும் அதற்காகக் கைநீட்டியதே குற்றம் என்கிறது பிரிவு 7. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மார்க் சியாவரெல்லா என்ற நீதிபதி, தனியார் சிறார் சிறை கட்டியவர்களிடமிருந்து வந்த பணம் தொடர்பான வழக்கில் 2011இல் 28 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அற்பக் குற்றங்களுக்கெல்லாம் அவர் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பியிருந்தார்.

நமக்கு நெருக்கமான பாடம் இந்தோனேசியா. அங்கே அரசமைப்பு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அகில் மொக்தார். உள்ளாட்சித் தேர்தல் வழக்குகளில் பணம் வாங்கியதாக 2013 அக்டோபர் 2 இரவு, அவர் வீட்டிலேயே ஊழல் ஒழிப்பு ஆணையத்தார் பிடித்தார்கள். 2014 ஜூன் இறுதியில் ஆயுள் தண்டனை. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. பிடித்தது அரசின் போலீஸ் அல்ல, தனித்து இயங்கிய ஆணையம். ஆட்சியாளர் பழிவாங்குகிறார் என்று சொல்ல இடமில்லாத, நீதிபதிகளிடம் அனுமதி கேட்டு நிற்கவும் தேவையில்லாத மூன்றாவது கை ஒன்று இருந்ததால் அது முடிந்தது.

இந்தியாவில் அந்த மூன்றாவது கைக்கு இடம் தேடிய முயற்சிகள் பாதியில் நின்றன. நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்க அமைப்பு உண்டாக்கும் மசோதா 2012இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் கிடந்து, 2014இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் தன் வரம்புக்குள் வருவார்கள் என்று லோக்பால் 2025 ஜனவரியில் சொன்னது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை நிறுத்திவைத்தது. லோக்பாலிடம் கொடுப்பது சரியல்ல என்று நீதிமன்றம் நினைத்தால் அதில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் வேறு யாரிடம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய புரட்சி எதுவும் வேண்டியதில்லை. தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்கும் விதி இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குக் கெடு வைக்கலாம். ஊழல் வழக்குத் தொடர அனுமதிக்கு மூன்று மாதம், மிஞ்சினால் இன்னும் ஒரு மாதம் என்று சட்டமே மற்ற அதிகாரிகளுக்குச் சொல்கிறது. அதே கெடு இந்தக் கதவுக்கும் பொருந்தும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். ராஜினாமா செய்தாலும் விசாரணை முடிவுக்கு வந்து அறிக்கை வெளியாகட்டும். புகாரை முதலில் சலிக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் நீதித்துறைக்கு வெளியே மதிப்புள்ளவர்களும் உட்காரட்டும், அரசின் ஆள் வேண்டாம். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பலர் 2025 மே மாதம் தங்கள் சொத்துப் பட்டியலை இணையத்தில் போட்டார்கள். அதையே எல்லா உயர் நீதிமன்றங்களும், பிறகு மாவட்டக் கோர்ட்டுகளும் ஆண்டுதோறும் செய்யட்டும்.

இந்த ஏற்பாடு 2017இல் இருந்திருந்தால் கர்நத்தம்காரரின் கடிதம் அங்கே போயிருக்கும். ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பார்கள். அவர் தராவிட்டால், அந்த 20 பேரும் களங்கமில்லை என்ற எழுத்தைக் கையில் வாங்கியிருப்பார்கள். நடந்தது வேறு. ஏழு நீதிபதிகள் கூடி விசாரித்தது கர்ணன் நீதிமன்றத்தை அவமதித்தாரா என்பதை. பட்டியலில் இருந்தவர்கள் யோக்கியர்களா இல்லையா என்பதை யாரும் விசாரிக்கவில்லை. கடிதம் எழுதியவர் சிறைக்குப் போய்த் திரும்பிவிட்டார். பெயர் எழுதப்பட்டவர்களில் தவறே செய்யாதவர்களுக்குக்கூட இதுவரை ஒரு துண்டுச்சீட்டு கிடைக்கவில்லை.